பழைய சிரா பாட்டிலைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

இருபது வருஷம் ஆன ஒரு சிரா ஒயினை நல்ல விலை கொடுத்து வாங்கி, திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டு "இதுல என்ன இருக்கு, பழச்சுவையே காணோமே" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் நாக்கில் கோளாறு ஒன்றுமில்லை. இளம் ஒயினில் எதைத் தேடிப் பழகினார்களோ அதையே பழையதிலும் தேடுகிறார்கள், அதுவும் முதல் ஐந்து நிமிஷத்தில். பழைய சிராவில் பழம் பின்னால் போயிருக்கும், மணம் முன்னால் வந்திருக்கும், அந்த மணமும் மொத்தமாக ஒரே நேரத்தில் வராது, திறந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். அதனால் நான் சொல்லப்போவது எல்லாமே ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்: பாட்டிலுக்கு நேரம் கொடுங்கள், குடிப்பதைவிட முகர்வதை அதிகமாக்குங்கள்.

முதலில் எந்த பாட்டில் என்று பார்க்கலாம். சிரா ஒரு கறுப்புத் திராட்சை ரகம். ஆஸ்திரேலியாவில் இதையே ஷிராஸ் என்கிறார்கள். ஈரானில் இருக்கும் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த திராட்சை என்று ஒரு கதை ரொம்ப காலம் ஓடியது. 1998-ல் டிஎன்ஏ சோதனை செய்து பார்த்ததில் டூரேசா, மோன்டூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களுக்குப் பிறந்தது இது என்று தெரிந்துபோனது. இரண்டுமே பிரான்ஸின் தென்கிழக்குப் பக்கத்து ரகங்கள். அதாவது ரோன் ஆற்றங்கரையில் வியன் நகரத்துக்கும் வலான்ஸ் நகரத்துக்கும் நடுவே இன்று எங்கே இது பேர்போனதோ, அந்த வட்டாரம்தான் இதற்குச் சொந்த ஊர்.

அந்த வடக்கு ரோன் பகுதியில் சிவப்பு ஒயின் என்றாலே சிராதான். அதில் எவ்வளவு வருஷம் வைக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். குரோஸ்-ஹெர்மிடாஜ், சான்-ஜோசஃப் இரண்டும் விலை குறைவு, நல்ல தயாரிப்பாளர் என்றால் ஐந்திலிருந்து பத்து வருஷம் அழகாக முதிரும். கோர்னாஸ் முழுக்க சிரா மட்டுமே, வேறு திராட்சை கலக்க அங்கே அனுமதியில்லை. கிரானைட் சரிவில் விளைவது, இளசாக இருக்கும்போது முரடு, பத்து வருஷத்துக்கு அப்புறம்தான் பேச ஆரம்பிக்கும். கோத்-ரோத்தியில் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்த்து ஒன்றாக நொதிக்க வைக்கலாம் (நடைமுறையில் அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதே இல்லை), அதனால் பூ மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஹெர்மிடாஜ் என்பது தான்-லெர்மிடாஜ் ஊருக்கு மேலே நிற்கும் ஒரே ஒரு குன்று, மொத்தமே சுமார் 135 ஹெக்டேர்தான். அங்கே விளையும் நல்ல வருஷத்து ஒயின் இருபது, முப்பது வருஷம் தாங்கும். ஜாபுலே நிறுவனத்தின் லா ஷாப்பெல் என்ற ஹெர்மிடாஜின் 1961-ஐ இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஒயின்களில் ஒன்றாக இன்னமும் வைத்துப் பேசுகிறார்கள். ஷாவ் குடும்பம் அந்த வட்டாரத்தில் 1481-லிருந்து ஒயின் தொழிலில் இருக்கிறது; அவர்கள் அந்தக் குன்றின் பல துண்டு நிலங்களிலிருந்து வரும் ஒயினைத் தனித்தனியாக முதிர வைத்து, கடைசியில் கலந்து ஒரே ஹெர்மிடாஜாக ஆக்குகிறார்கள்.

முதல் தடவை பழைய சிரா குடிக்கப் போகிறவர் ஹெர்மிடாஜில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விலை பயமுறுத்தும், அந்தப் பயத்திலேயே ரசிக்க முடியாமல் போகும். எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஆன ஒரு சான்-ஜோசஃப் அல்லது கோர்னாஸ் போதும். வருஷத்தையும் பாருங்கள். வடக்கு ரோனில் 1978, 1990, 1999, 2005, 2009, 2010, 2015 எல்லாம் நன்றாக வந்த வருஷங்கள். இவற்றில் 2009 கொஞ்சம் வெயில் ஏறியது, சீக்கிரமே இணங்கி வரும். 2010-ல் புளிப்பும் கட்டுக்கோப்பும் அதிகம், நின்று விளையாடும். எனக்கு 2010 பிடிக்கும்.

பாட்டிலை எங்கே வாங்குகிறீர்கள் என்பது வருஷத்தைவிட முக்கியம். இருபது வருஷத்தில் அது எங்கெல்லாம் படுத்திருந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 12-லிருந்து 14 டிகிரி செல்சியஸில், இருட்டில், ஆடாமல் அசையாமல் இருந்திருந்தால் நல்லது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இருபத்தைந்து வருஷ பாட்டிலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருப்பது சாதாரணம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போயிருந்தால் காற்று உள்ளே புகுந்து வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம், விட்டுவிடலாம். கார்க் மேலே துருத்திக்கொண்டு நின்றாலோ, மூடியைச் சுற்றி ஒயின் ஒழுகிக் காய்ந்த கறை இருந்தாலோ வெப்பத்தில் அடிபட்ட பாட்டில் என்று சந்தேகப்பட வேண்டும்.

சரி, பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே திறக்காதீர்கள். பயணத்தில் குலுங்கியிருந்தால் ஒன்றிரண்டு வாரம் படுக்க வைத்து ஓய்வு கொடுங்கள். குடிக்கப்போகும் நாளுக்கு முந்தின நாளே, முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்னால், நேராக நிற்க வையுங்கள். காரணம் வண்டல். இளம் சிராவின் கறுப்பு ஊதா நிறத்துக்குக் காரணமான நிறமியும், நாக்கைப் பிடித்து இழுக்கும் டேனினும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு கட்டத்தில் கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிந்துவிடும். பழைய ஒயின் வாயில் மென்மையாக இருப்பதற்கும் நிறம் வெளுப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். ஆக வண்டல் இருப்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் கிடையாது, ஆனால் அது கிளாஸுக்குள் வந்தால் கசப்பும் மணல் கடிபடுகிற மாதிரியான உறுத்தலும் வந்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

வெப்பநிலை விஷயத்தில் நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கலாம் என்று ஐரோப்பாவில் சொல்லும்போது அவர்கள் நினைப்பது குளிர் நாட்டுக் கல்வீட்டு அறையை. சென்னையில் மே மாத அறையில் அப்படி வைத்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். பழைய சிராவுக்கு 16-லிருந்து 18 டிகிரி சரியாக இருக்கும். முப்பது டிகிரி அறையில் இருந்த பாட்டில் அந்த அளவுக்கு வர ஃபிரிட்ஜில், நின்ற நிலையிலேயே, ஒன்றரை மணி நேரம் போல ஆகும். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்துவிட்டாலும் பரவாயில்லை, கிளாஸில் ஊற்றிய பிறகு தானாகச் சூடேறும். சூடாக ஆரம்பித்ததைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, அடுப்பில் தாளிப்பு, மேஜையில் மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். மல்லிகை எவ்வளவு நல்ல மணமாக இருந்தாலும் அது இருக்கும் அறையில் பழைய ஒயினின் மெல்லிய மணங்கள் மூக்குக்கு எட்டவே எட்டாது. சென்ட் பூசிக்கொண்டு வருகிற நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது கார்க். இருபது வருஷத்துக்கு மேலான கார்க் நடுவில் நொந்துபோயிருக்கும், சாதாரணத் திருகாணியைப் போட்டு இழுத்தால் பாதி கையோடு வரும், மீதி கழுத்திலேயே நிற்கும். இரண்டு தட்டையான கத்தி இருக்கும் திறப்பான் ஒன்று கிடைக்கிறது, ஆ-சோ என்பார்கள், பழைய பாட்டில் வாங்குகிற பழக்கம் இருந்தால் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீளமான கத்தியை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, அப்புறம் குட்டையானதை எதிர்ப்பக்கம் நுழைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்தபடி கீழே இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் கார்க் உள்ளே விழுந்துவிடும். முழுசாக இறங்கியதும் திருகிக்கொண்டே மேலே தூக்குங்கள். திருகுவது பாட்டிலை ஆட்டாமல் இருக்க வேண்டும், அடியில் வண்டல் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். எல்லாம் மீறி கார்க் உதிர்ந்து உள்ளே விழுந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். கார்க்கை எடுத்ததும் கழுத்தின் உள்பக்கத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள்.

இங்கேதான் எல்லோரும் கேட்கும் கேள்வி வரும்: டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றிக் காற்றாட விடலாமா, எவ்வளவு நேரம்? இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. முதலில் 50 மி.லி. அளவுக்குக் கிளாஸில் ஊற்றி முகர்ந்து பாருங்கள், அதுதான் பதில் சொல்லும். மணம் மூடிக் கிடந்தால், அல்லது அணைத்த தீக்குச்சி, ரப்பர் மாதிரி ஏதாவது வந்தால், காற்று வேண்டும் என்று அர்த்தம். சிராவுக்கு இந்தப் பழக்கம் உண்டு, நொதிக்கும்போதே காற்றுக்கு ஏங்குகிற ரகம் இது, அதனால் கந்தகச் சேர்மங்களின் வாடை பாட்டிலில் தங்கிவிடும். அப்போது டிகேன்டரில் ஊற்றி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். முதல் முகர்விலேயே மணம் திறந்து வந்து, அழகாக, ஆனால் மெலிதாக இருந்தால் காற்றாட விடவே வேண்டாம். வண்டலைப் பிரிப்பதற்காக மட்டும் டிகேன்டருக்கு மாற்றி உடனே கிளாஸில் ஊற்றிவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு மேலானதை ரொம்ப நேரம் காற்றில் விட்டால் அது அங்கேயே தீர்ந்துபோகும், நீங்கள் ஊற்றும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது.

மாற்றும் முறை: பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி அல்லது போன் டார்ச் வெளிச்சம் இருக்கட்டும். ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் ஒயின் திரும்பப் போய் வண்டலைக் கலக்கிவிடும். கண் டிகேன்டரில் இருக்கக் கூடாது, கழுத்தில் இருக்க வேண்டும். முதலில் தெளிவான சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் பாட்டிலின் தோளிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு நூல் இழை நீண்டு வரும், அடுத்த நொடியில் அது புகைமூட்டமாகிவிடும். நூல் தெரிந்ததுமே நிறுத்திவிடுங்கள். ரோன் பாட்டில்களுக்குச் சரிவான தோள் என்பதால் பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவின் பாட்டில் மாதிரி வண்டல் தோளில் தங்கி நிற்காது, வழுக்கி வந்துவிடும், ஆகவே கொஞ்சம் சீக்கிரமே நிறுத்துவது பாதுகாப்பு. 750 மி.லி. பாட்டிலில் ஒரு 50 மி.லி. அடியில் நின்றுபோனால் அதற்காக வருத்தப்படாதீர்கள்.

கிளாஸ் பெரியதாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு 60, 70 மி.லி. போதும். நான்கு பேருக்கு மேல் ஒரு பாட்டிலைப் பகிராதீர்கள், நான்கு பேர் என்றால் ஆளுக்கு 170 மி.லி. சுமார், அதை மூன்று தவணையாக ஊற்றிக்கொள்ளலாம். ஆறு பேர், எட்டு பேர் என்று கூட்டம் சேர்த்தால் ஒயின் மாறுவதை யாருமே பார்க்க முடியாது, ஆளுக்கு ஒரே ஒரு நிலைதான் கிடைக்கும்.

நிறத்தை வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் செங்கல் நிறமோ ஆரஞ்சு சாயலோ இருக்கும், நடுவில் இன்னும் சிவப்பு ஆழமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மொத்தமும் பழுப்பாகி மங்கியிருந்தால் கவலைப்பட வேண்டும், ஆனால் முகராமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். நிறத்துக்கு இவ்வளவு போதும்.

மணத்துக்கு வருவோம், பழைய சிராவின் சங்கதி முழுக்க இங்கேதான். கிளாஸை ஆட்டாமல் ஒரு தடவை முகருங்கள். அப்புறம் லேசாகச் சுழற்றி இன்னொரு தடவை. நீளமாக இழுக்க வேண்டாம், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று இழுப்பு, அப்புறம் கிளாஸை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள், ஏனென்றால் மூக்கு சீக்கிரம் களைத்துப்போகும். இளம் சிராவில் வருவது கறுப்பு பெர்ரி பழங்கள், வயலட் பூ, மிளகு, கறுப்பு ஆலிவ், கொஞ்சம் புகை. வருஷம் ஏற ஏறப் பழம் உலர்ந்த பழமாகிறது. பதப்படுத்திய தோல், புகையிலை, உப்புக்கண்டத்தை வெயிலில் காயவைத்தால் வருகிற அந்தக் காய்ந்த இறைச்சி வாசம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், தேயிலை, மழை பெய்த காட்டுத்தரை, காளான், சில ஹெர்மிடாஜ்களில் இரும்பு அல்லது ரத்தத்தின் வாடை. இவையெல்லாம் ஒரே பாட்டிலில் இருக்காது, நான்கைந்து இருந்தாலே அது நல்ல பாட்டில். காளான், ஆலிவ், ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளான்) பக்கம் இழுக்கும் மணத்துக்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற சேர்மத்துக்கும் ஒரு பங்கு உண்டு, பாட்டிலில் இருக்கும் காலத்தில் அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் சில மணங்களை இளம் ஒயினில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

மிளகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நமக்கு ரொம்பத் தெரிந்த வாசம் என்பதால். சிராவில் வரும் மிளகு மணம் கற்பனையான வர்ணனை கிடையாது. ரோட்டன்டோன் என்ற சேர்மம்தான் காரணம், மிளகிலும் இருப்பது அதேதான். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், அவ்வளவு வீரியம். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டியும் அது தெரியவே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் "மிளகு அள்ளுது" என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் உங்களுக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடாது, மூக்கின் அமைப்பே வேறாக இருக்கலாம். குளிர்ந்த இடத்தில், குளிர்ந்த வருஷத்தில் விளைந்த சிராவில் இந்த மணம் அதிகம்.

இன்னொரு பழக்கம்: முகர்ந்ததும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள், தாளில் எழுதுங்கள். ஒருவர் "தோல்" என்று சொன்ன மறுநொடியில் மேஜையில் எல்லோருக்கும் தோல் வாசம் வரும். எழுதி முடித்தபின் பேசினால் நான்கு மூக்கும் நான்கு விதமாகப் பிடித்திருப்பது தெரியும், அந்தப் பேச்சே தனிச் சுகம்.

கெட்ட மணங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த பழைய துணி என்று வந்தால் அது கார்க் நோய். அணைத்த தீக்குச்சி வாடைக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி காத்திருப்பதுதான். தீக்குச்சி வாடை காற்றில் குறையும், கார்க் நோய் நேரம் ஆக ஆகக் கூடும். இருபது நிமிஷம் கழித்து இன்னும் மோசமாக இருந்தால் அந்த பாட்டிலை மறந்துவிடுங்கள். மூன்றாவது மாட்டுத்தொழுவம், குதிரை லாயம், பிளாஸ்திரி மாதிரியான வாடை. இது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை, பழைய ரோன் ஒயின்களில் சகஜம். கொஞ்சம் இருந்தால் இறைச்சி வாசத்தோடு சேர்ந்து ஒரு ஆழம் கொடுக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பழமும் பூவும் எதுவும் தெரியாமல் தொழுவம் மட்டுமே நின்றால் அது குறைதான், பழைய ஒயின் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். வினிகர் வாடை, வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாடை வந்தால் காற்று உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு வாய். சின்ன மடக்கு, பத்து மி.லி. இருந்தால் போதும். நாக்கு முழுக்கப் படரவிட்டு, உதட்டைக் கொஞ்சம் திறந்து காற்றை உள்ளே இழுங்கள், சத்தம் வரும், வரட்டும். விழுங்கியோ துப்பியோ ஆனதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மணத்தின் இரண்டாம் பாதி அப்போதுதான் வரும். கவனிக்க வேண்டியவை மூன்று. ஈறிலும் நாக்கிலும் துவர்ப்பு எப்படி இருக்கிறது: இளம் கோர்னாஸ் வாயை உலர்த்திப் பிடித்து இழுக்கும், முதிர்ந்ததில் அது பொடியாகி, இருப்பது தெரியும், உறுத்தாது. புளிப்பு இருக்கிறதா: புளிப்புதான் பழைய ஒயினை நிமிர்த்தி வைத்திருக்கிறது, அது போனால் எல்லாம் தொய்ந்துவிடும். கடைசியாக, சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. விழுங்கிய பின் மனசுக்குள் எண்ணுங்கள், இருபது நொடிக்கு மேல் நின்றால் நல்ல ஒயின், நாற்பது தாண்டினால் அந்த பாட்டிலைக் கொஞ்சம் மரியாதையாகவே குடிக்க வேண்டும். துவர்ப்பு இன்னும் கடுமையாக இருக்க, பழமும் மணமும் மட்டும் வடிந்துபோயிருந்தால் அது முதிர்ச்சி இல்லை, வெறும் வயசு. எல்லா சிராவும் வைத்தால் மேம்படும் என்பது தப்பான நம்பிக்கை, கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருஷத்தில் குடிக்க வேண்டியதே.

முதல் தவணையை முடிக்காமல் கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அரை மணி கழித்து அதே கிளாஸை முகர்ந்தால், முதலில் இறைச்சி வாசம் மட்டும் வந்த இடத்தில் பூ வந்திருக்கலாம், மூடிக் கிடந்த பழம் எட்டிப் பார்க்கலாம். ஒரு மணி, ஒன்றரை மணியில் பெரும்பாலும் உச்சம். அப்புறம் மெல்ல இறங்கும், இறங்கும்போது தேயிலையும் காட்டுத்தரையும் மிஞ்சும். சில பாட்டில் இரண்டு மணி நேரம் ஊமையாக இருந்துவிட்டுக் கடைசி அரை மணியில் வாய் திறக்கும். பத்து வருஷத்துக்குள் இருக்கும் வடக்கு ரோன் ஒயின்கள் நடுவில் ஒரு காலகட்டம் இப்படி மூடிக்கொள்வது உண்டு, இளமைப் பழமும் போயிருக்கும், முதிர்ந்த மணமும் வந்திருக்காது. அப்படி ஒன்று வாய்த்தால் மிச்ச பாட்டில்களை மூன்று நான்கு வருஷம் தொடாமல் வையுங்கள்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி ஒயின் உலகில் இருக்கும் நல்ல கதை ஆஸ்திரேலியாவினுடையது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் தயாரித்த மாக்ஸ் ஷூபர்ட் 1950-ல் ஐரோப்பா போய், போர்தோவில் நாற்பது ஐம்பது வருஷம் ஆன ஒயின்களைச் சுவைத்துவிட்டு, ஷிராஸை வைத்து அப்படி நீண்ட காலம் நிற்கும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஊர் திரும்பினார். 1951-ல் கிரேஞ்ச் என்ற அந்த ஒயினின் முதல் அறுவடை. இளசாக இருக்கும்போதே சுவைத்துப் பார்த்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, 1957-ல் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஷூபர்ட் நிறுத்தவில்லை, 1957, 58, 59 மூன்று வருஷமும் ரகசியமாகச் செய்து வைத்தார். அதற்குள் முதல் வருஷத்து பாட்டில்கள் முதிர்ந்து, சுவைத்தவர்கள் மனம் மாறி, 1960-ல் திரும்ப அனுமதி கிடைத்தது. 1955-ன் ஒயின் 1962-ல் சிட்னி போட்டியில் தங்கம் வாங்கியது. அதே ஒயின்தான், காலம்தான் வேறு.

ஆஸ்திரேலியாவின் பரோசா வட்டாரத்து முதிர்ந்த ஷிராஸ் கிடைத்தால் வடக்கு ரோன் கண்ணோடு அதைப் பார்க்காதீர்கள். வெயில் ஊர், பழுத்த திராட்சை, கிரேஞ்சைப் போன்றவற்றில் அமெரிக்க ஓக் பீப்பாய் வேறு. முதிரும்போது சாக்லெட், காபி, உலர்ந்த அத்திப்பழம், சில சமயம் புதினா என்று போகும், வாயில் கனமும் இனிப்பின் சாயலும் அதிகம். டிகேன்டரில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். திருகு மூடி போட்ட ஆஸ்திரேலிய பாட்டில் என்றால் கார்க் தொல்லையே இல்லை, ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமும் குறைவு.

சாப்பாடு ரொம்ப எளிமையாக இருக்கட்டும். அடுப்பில் சுட்ட ஆட்டிறைச்சி, தைம், உப்பு, மிளகு. காளான் வதக்கல் நன்றாகச் சேரும். ரோன் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் பிகோடோன் கிடைத்தால் இளசானதாக வாங்குங்கள், ரொம்ப முதிர்ந்த சீஸ் ஒயினை அடித்துவிடும். மிளகாய் வேண்டாம். காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் பெரிதாக்கிக் காட்டும், மெல்லிய மணம் எதுவும் தப்பாது. மிளகு மட்டும் போட்டு, மிளகாய் சேர்க்காமல், எண்ணெய் குறைத்துச் செய்த கறி வறுவல் ஒத்துப்போகும். ஆனாலும் முதல் தவணையைச் சாப்பாடு இல்லாமல், வெறும் ரொட்டித் துண்டோடு முடித்துவிடுங்கள்.

மிச்சம் இருந்தால்? இருபது வருஷத்துக்கு மேற்பட்டதென்றால் அன்றைக்கே முடிப்பது நல்லது. பத்து வருஷம் போன்றதைச் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் குடிக்கலாம், சில கோர்னாஸ் மறுநாள்தான் நன்றாக இருக்கும். வண்டியில் வந்தவர்கள் துப்பிவிட்டுத்தான் சுவைக்க வேண்டும், அதற்கு ஒரு பாத்திரம் மேஜையில் வைத்துவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறார்கள்.

பழைய பாட்டில் வாங்கப் பணம் அதிகம் என்று தோன்றினால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த வழியும்கூட. நல்ல வருஷத்து குரோஸ்-ஹெர்மிடாஜ் அல்லது சான்-ஜோசஃப் ஒன்றை இளசாக இருக்கும்போதே ஆறு பாட்டில் வாங்குங்கள். ஒயினுக்கான குளிர்பெட்டி வேண்டும், நம் ஊர் அலமாரியில் வைத்தால் இரண்டு கோடையில் வெந்துவிடும். ஒன்றை உடனே திறந்து குறிப்பு எழுதுங்கள். அடுத்ததை இரண்டு மூன்று வருஷம் கழித்து, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதே கிளாஸ், அதே வெப்பநிலை. குடித்து முடித்து, புதுக் குறிப்பும் எழுதிய பிறகே பழைய குறிப்பை எடுத்துப் படியுங்கள், முன்னாலேயே படித்தால் மூக்கு அதில் எழுதியிருப்பதை மட்டும் தேடிக்கொண்டு போகும்.